சிவப்பு வட்டம் ஒட்டிய வீடு

பிப்ரவரி 11

என் ஒரே கத்திரி அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் கழுத்து வலி தேவலையா? கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்து நீ கேள்விக்குறியாகவே மாறிவிடுவாய் என்று அம்மாவுக்குக் கவலை. வீடியோவை வெட்டி ஒட்டுகிற உன் பிழைப்புக்கு 'வெட்டி வேலை' என்று நான் வைத்த பெயரை இப்போதைக்கு வாபஸ் வாங்குகிறேன். உன் உதவி வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை அம்மா அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். "போன்ல எதையாவது எழுதினா அதையும் படம் புடிச்சுப் போடுவானுங்க. காகிதத்துல எழுது. மடிச்சா மூடிக்கும்" என்கிறாள்.

நீ பார்த்திருப்பாய். நான் 'ஊர் தீர்ப்பு' நிகழ்ச்சியில் வந்துவிட்டேன். நம் பாடகர் குழு மாஸ்டரின் அடக்க ஆராதனை. அவர் மனைவி மாஸ்டரம்மா சவப்பெட்டியின் மேல் சாய்ந்து அழுகிறார். சட்டென்று பாடகர் வரிசையில் நான், கடைவாய்ப் பல் வரை தெரியச் சிரிக்கிறேன். மறுபடி அவர் அழுகை. மறுபடி என் பல். அப்புறம் அந்தப் பளபளக் கோட்டுக்காரர் வந்து, "பெத்த தாய் மாதிரி ஒருத்தி அழுறா, இந்தப் புள்ளைக்குச் சிரிப்பு வருது. சொல்லுங்க மக்களே, சிவப்பா, பச்சையா?" என்றார். ஊரே போனில் குற்றவாளி என்று சிவப்பை அமுக்கியது.

அக்கா, நான் சிரித்தது உண்மை. மாஸ்டர் எங்கள் பாட்டில் தப்பு வந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பிறகு அதையே எல்லா இடத்திலும் தேடுவார் என்று போதகர் ஐயா பேச்சில் சொன்ன இடம் அது. கோயில் முழுக்கச் சிரித்தது. மாஸ்டரம்மாவும் சிரித்தார். அவர் பெட்டியில் சாய்ந்து அழுதது வெகு நேரம் கழித்து. அப்போது நானும்தான் மூக்கொழுக அழுதேன். என் பல்லைக் காட்டியவர்கள் மூக்கைக் காட்டவில்லை.

நம் வீட்டுக் கதவில் சிவப்பு வட்டம் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் இலவசமாக வருகிறதே, அந்த நிகழ்ச்சியின் ஸ்டிக்கர், அதுதான். அம்மா சுரண்டச் சுரண்ட வருகிறது. என்னைச் சித்தப்பாவின் பேக்கரிக்கு அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் ஒருத்தன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மெதுவாகப் போனைத் தூக்கினான். என்னைப் படம் பிடித்தான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வீடியோவை யார் வெட்டினார்கள் என்று விசாரித்துச் சொல். நீயும் அந்த உலகத்தில்தானே இருக்கிறாய்.

மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும்,
வாலு


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கழுத்து அப்படியேதான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சித்தி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லாதே.

விசாரித்தேன். இந்த மாதிரி வீடியோக்கள் எங்கெங்கிருந்தோ வரும். யார் வெட்டினார்கள் என்றெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நாளில் வேறு ஆள் கிடைத்ததும் உன்னை மறந்துவிடுவார்கள். அதுவரை கடையின் முன்பக்கம் வராதே. யாரிடமும் விளக்கம் சொல்லப் போகாதே.

மாஸ்டரம்மா அம்மாவிடம் ஏதாவது சொன்னாரா? என்னைப் பற்றிக் கேட்டாரா? சும்மாதான் கேட்கிறேன்.

நான் சோப்பு விளம்பரம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 6

சோப்பு அக்காவுக்கு,

நுரை பொங்க வணக்கம். நீ சுகமா? உன் கடிதம் சுகமில்லாதது போல இருந்தது. "டா" ஒன்றுகூடப் போடவில்லை. காய்ச்சலா?

எனக்கு இங்கே பதவி உயர்வு. பின்கட்டில் ரொட்டி அச்சுகளுக்கு எண்ணெய் தடவும் அதிகாரி. சித்தி என்னை 'பன்' என்றுதான் கூப்பிடுகிறாள், பெயரைச் சொன்னால் வெளியே கேட்குமாம். இத்தனை நாள் வம்பன், இப்போது வெறும் பன்.

ஆனால் அக்கா, இங்கேயும் வந்துவிட்டார்கள். காலையில் சித்தப்பா ஷட்டரைத் தூக்கும்போது அதில் நாலைந்து சிவப்பு வட்டங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். சித்தப்பா கத்தியால் சுரண்டிக்கொண்டே, "என் கடையில கருகுனது ரொட்டியா மட்டும்தான்டா இருக்கணும். நீ ஏன்டா கருகிப்போய் நிக்கிற? உள்ள போ" என்றார். சிரித்தேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். இப்போதெல்லாம் சிரித்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். என் பல்லுக்கு நானே பயப்படுகிறேன்.

எதிர்ச்சாரியில் விளக்குக் கம்பத்தடியில் ஒருத்தன் நிற்கிறான். நீலச் சட்டை. கடைக்குள் வருவதில்லை. போனைக் கடையைப் பார்த்துப் பிடித்தபடி நிற்கிறான், அவ்வளவுதான். அவன் உதடு ஓரத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, பரிசு விழப்போகிறவனுக்கு இருப்பது மாதிரி. மாவு அறையின் கதவு இடுக்கு வழியாக அவனைப் பார்க்கிறேன். கால் நடுங்குகிறது. குளிர் என்று சித்தியிடம் சொன்னேன். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு குளிர் என்றால் யார் நம்புவார்கள்?

ஞாபகம் இருக்கிறதா, லீவுக்கு நீ வந்தபோது நாம் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தோம். கடையில் அழுத பிள்ளையை அடித்த பெண்ணுக்குச் சிவப்பு அமுக்கினோம். நீ உன் போனில், நான் என் போனில். நான் பிஸ்கட் தின்றுகொண்டே அமுக்கினேன்.

இன்னொரு முறை விசாரி அக்கா. யார் வெட்டினது?

அச்சோடு அச்சமாய்,
பன்


மார்ச் 23

அக்கா,

நலமா? பதில் இல்லை. தபால்காரர் கடைக்குப் பன் வாங்க வந்தார், கையில் ஒன்றுமில்லாமல்.

நேற்று முன்பக்கக் கண்ணாடியில் கல் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கேக் அலமாரி முழுக்கக் கண்ணாடித் தூள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம். சித்திதான் பெருக்கினாள். அவள் திட்டாததுதான் பயமாக இருக்கிறது.

ஒரு சின்னப் பிள்ளை அம்மாவோடு ரொட்டி வாங்க வந்தது. கதவு இடுக்கில் என் முகத்தைப் பார்த்துவிட்டது. "அம்மா, சிவப்பு அண்ணா!" என்றது. அந்த அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வாலு


ஏப்ரல் 4

தம்பி,

எனக்குக் காய்ச்சல், வேறொன்றுமில்லை. உனக்குக் கண்ணாடி எதுவும் குத்தவில்லையே? வெளியே வராதே. யார் வெட்டினது என்று மட்டும் இனி கேட்காதே. தெரிந்து என்னடா ஆகப்போகிறது?

சித்தியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

காய்ச்சல் இறங்கியதா? எனக்கு ஒன்றுமில்லை. சித்தி நல்ல சுகம். நீ எதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டாய் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, நேற்று வரை.

நேற்று மாஸ்டரம்மா வந்தார். பஸ் மாறி மாறி, முட்டி வலியோடு. நேராகப் பின்கட்டுக்கு வந்து, மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். வழியில் அவர் கால் நீட்டியிருந்தார்.

"ஏன்டா, என்னைப் பாத்து நீ ஏன்டா பயப்படுற? அன்னிக்கு உன்னைவிட நான்தானே சத்தமா சிரிச்சேன்" என்றார்.

"எனக்கு டிவி பாக்குற பழக்கம் இல்ல. போன வாரம்தான் பக்கத்து வீட்டுப் பையன் காமிச்சான். பாத்ததும் நெஞ்சு அடைச்சுப்போச்சு" என்றார்.

அவர் பையில் கைவிட்டு நாலு சிவப்பு வட்டத்தை எடுத்துக் காட்டினார். நம் வீட்டுக் கதவிலிருந்து சுரண்டியதாம். இப்போதெல்லாம் காலையில் அவரும் அம்மாவும் சேர்ந்துதான் கதவைத் துடைக்கிறார்களாம். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை, நம்பு.

அப்புறம்தான் நான் கேட்டேன், அந்த அடக்க ஆராதனை வீடியோவை யாரிடம் கொடுத்தீர்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "வேற யாருகிட்ட? உங்க அக்காகிட்டதான். நினைவுப் படமா வெட்டித் தர்றேன்னு வாங்கிட்டுப் போச்சு. பாவம், வேலை போல, இன்னும் தரலை" என்றார்.

அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். நான்தான் உறைந்துபோனேன்.

அவர் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் பையன் அதை நெட்டில் முழுசாகப் போடப் போகிறான். எல்லாரும் சிரித்ததும் தெரிந்துவிடும். நான் சந்தோஷப்பட வேண்டும்.

நீயா அக்கா? இல்லை என்று மட்டும் எழுது. நம்பிவிடுகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 29

என் வாலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

நான்தான்.

சோப்பு விளம்பரம் பொய். நான் வேலை பார்ப்பது 'ஊர் தீர்ப்பு' எடுக்கும் கம்பெனியில். அம்மாவுக்குப் பிடிக்காது என்று மறைத்தேன். மாஸ்டரின் நினைவுப் படத்தை வேலை முடிந்து ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வெட்டிக்கொண்டிருந்தேன். உன் சிரிப்பு வந்தது. போன வருஷம் என் ஷாம்பூ பாட்டிலில் நீ தேன் ஊற்றினாயே, அதற்குப் பழி வாங்க ஒரு யோசனை. உன் பல்லை வெட்டி அந்த அழுகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். 'வில்லன் வாலு' என்று தலைப்பு வைத்தேன். உனக்கு அனுப்பி, "பாத்தியாடா, கத்திரி நினைச்சா உன்னைக் கொலைகாரனாவும் ஆக்குவா" என்று சொல்லத்தான். தலைப்பைத் தவிர அதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லாம் நடந்ததுதான். இடம்தான் மாற்றினேன். எங்கள் தொழிலே அதுதான்.

அனுப்புவதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். அது பொது கம்ப்யூட்டர். அன்றைக்குப் போட வேண்டிய வீடியோ கைவிட்டுப் போய், தயாரிப்பாளர் எதையாவது தேடிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்துவிட்டார். துள்ளிக் குதித்தார். "யாரும்மா இந்தப் பையன்?" என்றார். தெரியாது சார் என்றேன். மீட்டிங்கில் கேட்டார்கள். தெரியாது என்றேன். மேக்கப் அறையில் கோட்டுக்காரர், "உன் ஜாடையா இருக்கானே?" என்று சிரித்தார். அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை என்றேன்.

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேன். அப்புறம் உன் கடிதங்கள் வர வர, உன்னிடம் சொல்லப் பயந்தேன். கல் விழுந்த கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நீ எனக்கு எழுத வேண்டாம் என்றாலும் சரிதான்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

சுகமா? என்னை மூன்று தடவை தெரியாது என்றாயே, வேதத்தில் வருகிற மாதிரி அங்கே சேவல் ஏதாவது கூவியதா? இங்கே சேவல் இல்லை, அடுப்பு மணிதான்.

இது நான் எழுத நினைத்த ஜோக்குகளிலேயே மோசமானது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நீ அதைப் படித்து ஒரு தடவை அழு. நானும் அழுதேன்.

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் எழுந்து போய் மாவு பிசைந்தேன். சித்தப்பா, "டேய், அந்த மாவு உனக்கு என்னடா துரோகம் செஞ்சுது?" என்று பறித்துக்கொண்டார்.

முழு வீடியோ வெளியே வந்துவிட்டது. ஊர் அப்படியே தலைகீழ். ஷட்டரில் இப்போது பச்சை வட்டம். அந்த நீலச் சட்டைக்காரன் முதல் தடவையாகக் கடைக்குள் வந்தான். என் தோளில் கை போட்டான். "மன்னிச்சிரு தம்பி, தப்பா நினைச்சுட்டோம். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றான். பிறகு அதே சிரிப்போடு, "வெட்டினவன் மட்டும் யாருன்னு தெரியட்டும். வீடு புகுந்து தூக்கிருவோம்" என்றான்.

அக்கா, கம்பத்தடியில் நின்றபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இருந்தது. நிறம்தான் மாறியிருந்தது. சிவப்பு ஒட்டியபோது இவ்வளவு பயமில்லை எனக்கு. அவன் கை என் தோளில் இருந்தது, நான் உன் கழுத்து வலியை நினைத்துக்கொண்டு நின்றேன்.

உன் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த நிகழ்ச்சியின் பெயர் 'வெட்டிய கை யாருடையது?' என்னைத்தான் நடுவில் உட்கார வைப்பார்களாம். "உனக்கு யார் மேல சந்தேகம்னு சொல்லு, மத்ததை மக்கள் பாத்துக்குவாங்க" என்றார்கள். யார் வெட்டினது என்று அவர்களுக்குத் தெரியும்தானே?

ஒட்டுப் போட்டது நீ, ஓட்டுப் போட்டது ஊர். நடுவில் மாட்டியது நான். இப்போது நீ மாட்டப் போகிறாய். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

வாலு


மே 28

தம்பி,

நீ எழுதியதே போதும். சேவலுக்கும் சேர்த்து அழுதேன்.

தயாரிப்பாளருக்குத் தெரியும். நேற்று என்னைக் கூப்பிட்டு, "நீ கவலைப்படாதம்மா. பையன் யார் பேரையாவது சொல்ற வரைக்கும் நாம வாயைத் திறக்க வேணாம்" என்றார். நான் மாட்டினால் கம்பெனி தப்பிக்கும், அதுதான் கணக்கு. விடுதியில் பெண்கள் எல்லாரும் அந்தப் பேச்சுதான் பேசுகிறார்கள். "எவன்னு தெரிஞ்சா மூஞ்சில காறித் துப்புவேன்" என்று என் எதிர்க்கட்டில் பெண் சொல்கிறாள், எனக்கு இஞ்சி டீ கொடுத்துக்கொண்டே. வாங்கிக் குடித்தேன்.

ஆனாலும் நீ சொல்லிவிடு. என் பெயரைச் சொல். நீ இத்தனை மாதம் பட்டதற்கு அதுதான் நியாயம். நான் தாங்கிக்கொள்வேன்.

தாங்குவேனா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்.

நன்றாகத் தூங்கு. சாப்பிடு.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நாளை மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். போகவில்லை என்றால் அவர்களே உன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். போனால் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துணிந்து கோயிலுக்குப் போனேன், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால். எல்லாரும் முழங்காலில் நின்று சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோமே, சின்ன வயதிலிருந்து வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். அன்றைக்கு என்னவோ கவனித்தேன். அதில் 'நாங்கள்' இருக்கிறது. 'அவன்' எங்கேயுமே இல்லை. முதலிலிருந்து கடைசி வரை தேடினேன், அந்த நீலச் சட்டைக்காரனை உள்ளே சேர்க்க ஒரு இடமாவது கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. உன்னைச் சேர்க்கவும் இடமில்லை. நான் மட்டும்தான் அங்கே பிஸ்கட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளையை அடித்த அந்த அம்மா. அவள் கதவு எப்படி இருந்திருக்கும் அக்கா? அவளுக்குத் துடைத்துக் கொடுக்க ஒரு மாஸ்டரம்மா இருந்தாரா?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுத வரவில்லை. நான் உட்கார்ந்திருப்பதும் உன் பக்கத்தில்தான், அதே சோபாவில். அவ்வளவுதான் தெரிகிறது.

எனக்காக ஜெபம் பண்ணு. பல் தெரியாமல் இருக்கவும் சேர்த்து.

வாலு


ஜூன் 9

என் கண்ணே,

நீ பத்திரமா? வீட்டுக்கு வந்துவிட்டாயா? கழுத்து வலியைப் பற்றி இனி கேட்காதே. அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

உன் பதிவு முடிந்ததும் வெட்டுவதற்கு என்னிடம்தான் கொடுத்தார் தயாரிப்பாளர். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கோட்டுக்காரர் கேட்கிறார், "சொல்லு தம்பி, வெட்டினது யாரு?"

"தெரியும்ங்க."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன், பயமா?"

"ரொம்ப" என்றாய். உன் கை நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் வெளுத்திருந்தது. "நான் வீட்ல உக்காந்து ஒரு அம்மாவுக்குச் சிவப்பு அமுக்கினேங்க. கடையில புள்ளையை அடிச்சவங்க. அவங்க யாரு, என்ன கஷ்டமோ, எதுவும் தெரியாது. பிஸ்கட் தின்னுட்டே அமுக்கினேன். அவங்க பாத்துட்டிருந்தா, என்னை மன்னிச்சிருங்கம்மா. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்போ உனக்கே ஒரு சிவப்பு குடுக்கலாமா?"

"குடுங்க. வீட்ல நிறைய இருக்கு."

என்று சொல்லிவிட்டு, உன்னை அறியாமல் சிரித்தாய். உடனே வாயைப் பொத்திக்கொண்டாய். அதைப் பார்த்துதான் நான் உடைந்துபோனேன்.

தயாரிப்பாளர் பின்னால் வந்து நின்றார். "'சொல்ல மாட்டேன்'னு சொல்றான்ல, அங்க வெட்டு. நேரா அந்தச் சிரிப்பை ஒட்டு. திமிர் புடிச்சவனா வரணும். யாரைக் காப்பாத்துறான்னு ஊர் கொதிக்கணும்" என்றார். சரி சார் என்றேன். அவர் போனார்.

நான் ஒரு இடத்திலும் வெட்டவில்லை. முழுசாக விட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று ஒட்டினேன். என் படம், என் முழுப் பெயர், அடியில் ஒரு வரி: 'அன்றைக்கு வெட்டியது நான். இவனுடைய அக்கா.' அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்பிவிட்டு, அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மேக்கப் அக்கா ஒருத்தி வீட்டில் இருக்கிறேன். ஜன்னலைத் திறக்கவில்லை. தெருவில் யாராவது போனைத் தூக்கினாலே சுவரோரம் ஒட்டிக்கொள்கிறேன். விடுதியில் என் பெட்டியின் மேல் சிவப்பு ஒட்டிவிட்டார்களாம், அந்த இஞ்சி டீ பெண்ணே ஒட்டினாளாம். நீ எழுதியதெல்லாம் இப்போதுதான் புரிகிறது. முன்பு படிக்கத்தான் செய்தேன்.

பஸ் ஏறப் பயமாக இருக்கிறதுடா. வந்தால் அம்மா கதவைத் திறப்பாளா? மாஸ்டரம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? நான் வரலாமா?

அக்கா


ஜூன் 15

கத்தரிக்கோலைக் கீழே போட்ட கத்திரி அக்காவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா சுகம், நான் பாதி சுகம், மீதி நீ வந்தால்.

உன் கடிதங்களை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோப்பு விளம்பரம் இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கோபப்பட்டாள். "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுங்க, ஒண்ணு மாட்டிவிடும், ஒண்ணு மாட்டிக்கும்" என்றாள். மாஸ்டரம்மா பக்கத்தில்தான் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மடியில் தேடிக்கொண்டே, "அந்த நினைவுப் படத்தை எப்போ முடிச்சுத் தருதாம்? அதைக் கேளு முதல்ல" என்றார். கேட்டுவிட்டேன்.

பயம் போகவில்லை அக்கா. பொய் சொல்ல மாட்டேன். நேற்று முதல் மறுபடி சிவப்பு ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கா உனக்கா என்று தெரியவில்லை, ஸ்டிக்கரில் பெயர் இல்லை. நீலச் சட்டைக்காரன் இந்தத் தெருவுக்கே வந்துவிட்டான். காலையில் அம்மா அவனைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவன் போனை இறக்கிவிட்டு விழித்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயேதான் நிற்கிறான்.

தபாலில் ஒரு பச்சை வட்டம் வந்தது, யார் அனுப்பியது என்று இல்லை. பின்பக்கம் ஒரு சின்னப் பிள்ளை கிறுக்கிய பூ. நான் சிவப்பு அமுக்கிய அந்த அம்மாவாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறேன். யாரோ. அதை நான் எங்கேயும் ஒட்டவில்லை.

முதல் பஸ்ஸில் வா. முக்காடு போட்டுக்கொள், ஜன்னலோரம் உட்காராதே, பக்கத்தில் யாராவது உற்றுப் பார்த்தால் தூங்குகிற மாதிரி நடி. நிறுத்தத்தில் நான் நிற்பேன். என்னைக் காணவில்லை என்றால் பதறாதே, பயந்து தூணுக்குப் பின்னால் நின்றிருப்பேன். நேராக வீட்டுக்கு நட. தெருவில் எந்தக் கதவில் சிவப்பு வட்டம் ஒட்டியிருக்கிறதோ, அது நம் வீடு. வேறு கதவைத் தட்டிவிட மாட்டாய்.

அம்மா வாசலில் கதவு துடைக்க வாளியும் தண்ணீரும் வைத்திருக்கிறாள். இதுவரை எங்கள் மூன்று பேருக்கு மூன்று துணிதான் இருந்தது. இன்று என் பழைய பாடகர் குழு சட்டையைக் கிழித்து நாலாவது துணி போட்டாயிற்று.

உனக்காகக் கதவோரம் நிற்கும்,
வாலு